பால் பொங்கிய குடோன்

தட்டாங்காட்டுவலசில் மஞ்சள் மண்டிக்குப் பின்னால் கொழந்தசாமி கட்டிய புதுக் குடோன், ஆவணியில் திறப்புவிழா முடிந்த கையோடு, கொஞ்சம் கொஞ்சமாக வீடாக மாறத் தொடங்கியது. மாடு கன்று போடுகிற ஊர், மழை ஏமாற்றுகிற ஊர், நேற்றுவரை போக்கிரியாகத் திரிந்தவன் இன்றைக்குக் கோயில் தர்மகர்த்தாவாகிற ஊர், அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு குடோன் வீடானால் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று ஜனங்கள் அதையும் மற்ற சங்கதிகளோடு ஒரு சங்கதியாக வைத்துக்கொண்டார்கள். வாயடைத்துப்போனது ஒரே ஒரு ஆள்தான். அந்தக் குடோனைக் கட்டிய காண்ட்ராக்டர் சென்னியப்பன்.

சென்னியப்பன் முப்பது வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவர், ஆனால் ஒரு வீடுகூடக் கட்டாதவர். நூற்பாலை கட்டினார், சினிமாக் கொட்டகை கட்டினார், எண்ணெய் மில் கட்டினார், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், லாட்ஜ், பெட்ரோல் பங்க், ஒருமுறை ஜெயிலுக்கு மதில்கூட எழுப்பினார். மனுசன் நூல் நூற்கவும் படம் பார்க்கவும் தாலி கட்டவும் பாடம் படிக்கவும் தண்டனை அனுபவிக்கவும் என்னென்ன கூரை வேண்டுமோ அத்தனையும் போட்டவர், அவன் சோற்றைத் தின்றுவிட்டுக் காலை நீட்டுவதற்கு மட்டும் ஒரு கூரை போட்டதில்லை. கேட்டால் சிரிப்பார். "குடோன்காரனுக்கு ஒரே மனசுங்க. நாலு செவுரு, ஒரு கூரை, லாரி உள்ள வந்து திரும்போணும், அவ்வளவுதான். ஊடுன்னு வந்துட்டா புருசன் ஒரு மனசு, பொண்டாட்டி ஒரு மனசு, மாமியாக்காரி ஒரு மனசு. மூணு மனசுக்கும் ஒத்த ஜன்னல எங்கீங்க வெக்கறது?" என்பார். சர்க்காரின் தொழில் வகைப்பாட்டிலும் அவர் தொழிலுக்கு அதுதான் பெயர்: குடியிருப்பு அல்லாத கட்டடங்களைக் கட்டுவோர். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இவர் கல்யாணத்தையும் பண்ணி, ஊரார் கல்யாணத்துக்கு மண்டபத்தையும் கட்டி, வீட்டை மட்டும் விட்டுவிட்டார்.

தனக்கென்றும் ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. அவர் மனைவி பாவாத்தாள் கல்யாணமான நாள்முதல் வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் குடித்தனம் நடத்தியவள். கட்டடத்துக்குக் கூரை முடிந்தால் கொட்டகையின் தகரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றி, அடுத்த வேலைக்குப் போய் மறுபடி முடுக்குவார்கள். மகள் பிறந்தது சினிமாக் கொட்டகை வேலையில், நடை பழகியது எண்ணெய் மில் வேலையில், அவளுக்குக் கல்யாணம் ஆனது அப்பன் கட்டிய மண்டபத்தில். புது இடத்தில் இறங்கியதும் பாவாத்தாள் கேட்கிற முதல் கேள்வி, "இங்க எத்தன மாசத்துக்குங்க?" என்பதுதான். அவர் சொல்கிற கணக்குக்குத் தக்கபடி கொட்டகைக்குப் பின்னால் விதை போடுவாள். சீக்கிரம் முடிகிற வேலை என்றால் கீரை, கொஞ்சம் இழுக்கும் என்றால் அவரை, வருஷம் ஓடும் என்றால் வாழை. தென்னை ஒன்று வைக்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் தென்னை காய்க்கிறவரைக்கும் எந்தக் குடோன் வேலையும் இழுத்துக்கொண்டு நிற்பதில்லை.

அவள் சண்டைக்காரி இல்லை. எப்போதாவது ஒன்று கேட்பாள். நூற்பாலையில் இருக்கும்போது, அடுப்புக்கு எதிரில் கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றாள். எண்ணெய் மில்லில் இருக்கும்போது, முழங்கால் வலிக்கிறது, குனியாமல் சமைக்க ஒரு மேடை வேண்டும் என்றாள். பள்ளிக்கூட வேலையில், காற்று அணைக்காதபடி விளக்கு வைக்க ஒரு மாடம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சென்னியப்பனிடம் ஒரே பதில்தான். "அடுத்த வேலைல பாத்துக்கலாம் பாவா." அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்த வேலையும் வந்தது, சொன்னவரும் மறந்தார், கேட்டவளும் கேட்பதை விட்டாள்.

தவறு நடந்தது திறப்புவிழா அன்று. நல்ல முகூர்த்த நாள். ஐயர் அதே காலையில் இரண்டு புதுமனைப் புகுவிழாக்களை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார். வந்த வேகத்தில், வாய் பழகிய மந்திரமும் கை பழகிய சடங்குமாக, ஹோமம் முடிந்ததும் "பால் காய்ச்சச் சொல்லுங்கோ" என்றார். குடோனுக்குப் பால் காய்ச்சுகிற வழக்கம் கிடையாது. பூசணிக்காயை உடைத்து, முதல் மூட்டையை இறக்கி, ஆளுக்கொரு வாழைப்பழத்தைத் தின்றால் தீர்ந்தது. ஆனால் ஐயர் சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கொழந்தசாமியின் வீட்டம்மா மகள் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்ததால் வரவில்லை. அதனால் வேலையாட்களின் டீக்குப் பால் வைத்திருந்த பாவாத்தாளைக் கூப்பிட்டார்கள். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, டீ போடுகிற அதே குண்டாவோடு வந்தாள். மூன்று செங்கல்லை அடுக்கி, சுள்ளியைப் பற்றவைத்தாள். பால் நுரைத்து ஏறி, கிழக்கே வழிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆளுக்கொரு வாய் குடித்தார்கள், பாவாத்தாளும் ஒரு வாய் குடித்தாள்.

பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பால் காய்ச்சிய வீட்டில் அன்றிரவு காய்ச்சினவர்கள் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் குடோனில் யார் போய்ப் படுப்பார்கள்? அந்தக் கட்டடம், தான் அறிந்தவரை, வீடாகப் பிறந்து, பிறந்த அன்றைக்கே தனியாக விடப்பட்டுவிட்டது. ஐயர் நாலாவது விசேஷத்துக்கு வண்டியை முறுக்கிக்கொண்டு போயிருந்தார்.

மாற்றம் எல்லாம் மத்தியானத்தில்தான் நடந்தது, மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிடப்போய் ஷட்டர் மூடியிருக்கிற நேரத்தில். முதலில் வாசற்படி முளைத்தது. லாரி நுழைவதற்காக மட்டமாகப் போட்டிருந்த தளம், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஒரு சாண் உயர்ந்து, மஞ்சள் பூசத் தோதாக வழுவழுவென்று நின்றது. மூட்டைக்காரர்களுக்குத் தலைவன் சடையன், தோளில் மூட்டையோடு படியேறப் போனவன், நின்று, மூட்டையை இறக்கிவைத்து, செருப்பைக் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள். ஏன்டா நேரம் கடத்துகிறீர்கள் என்று கொழந்தசாமி சத்தம் போட்டதற்குச் சடையன், "ஊட்டுக்குள்ள செருப்போட எப்படிங்க போறது?" என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் யோசித்தான், ஆனால் வார்த்தையைத் திருப்பி வாங்கவில்லை.

அதற்குப் பிறகு தடுப்புச் சுவர்கள் புற்று வளர்வதுபோல் சத்தமில்லாமல் எழும்பின. பெரிய ஷட்டர் மத்தியானத்துக்கு மத்தியானம் குறுகிக்கொண்டே வந்து, ஒரு நாள் நிலைக்கதவாகி நின்றது. உயரத்துத் தகரக் கூரை, கழுத்து வலிக்காமல் அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு இறங்கி வந்தது. பின்பக்கத்தில் ஒரு கொல்லை பிரிந்தது, அங்கே ஒரு ஆள் கைவிரித்த அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் விலகி வெறும் மண் தெரிந்தது. எதற்கு அந்த மண் என்று மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

ஊர் இதற்கெல்லாம் தகுந்தமாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. தெருப் பெண்கள் முறைவைத்து வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள், வீடென்றால் வாசல் வெறிச்சென்று கிடக்கக்கூடாது என்பதற்காக. கரண்டு ஆபீஸ் லைன்மேன் வந்து, கடைக்கான இணைப்பா வீட்டுக்கான இணைப்பா என்று மீட்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். புருசனோடு கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் அதன் படியில் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வீட்டில் உலை வைத்தது ஞாபகம் வந்து எழுந்து ஓடினார்கள். உள்ளே போன மூட்டைக்காரர்கள் வெளியே வருவதற்கு நேரமாயிற்று. ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் சாப்பிட்டாயா என்று கேட்காமல் அவர்களால் மூட்டையைத் தூக்க முடியவில்லை.

கடைசியில் கொழந்தசாமியே மூட்டைகளை வெளியேற்றிவிட்டார். மனுசன் வியாபாரி, ஆனால் வாழ்ந்து கெட்ட குடும்பத்தில் பிறந்து மறுபடி வாழ வந்தவர், வீட்டு விஷயத்தில் அவருக்குப் பயம் உண்டு. "சென்னியப்பா, ஊட்டுக்குள்ள மூட்டைய அடுக்கி அதனோட பாவத்த வாங்கிக் கட்டிக்க என்னால ஆகாது. ரோட்டோரம் நீ தகரம் போட்டு வெக்கற உன்ற வெறுங்காடு ஒண்ணு கெடக்குதல்ல, அதுல எனக்கொரு குடோனக் கட்டிக் குடுத்துப்போட்டு இதைய நீயே வெச்சுக்கோ" என்றார். சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏனென்றால் அவர் உள்ளே போய்ப் பார்த்திருந்தார். தான் வைக்காத ஜன்னலை யார் வைத்தது என்று கோபமாகத்தான் போனார். அடுப்படியில் கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அதன் கீழே ஒரு மேடை இருந்தது, நிற்கிற பெண்ணுக்குக் குனிய வேண்டாத உயரத்தில். எந்தப் பெண்ணுக்கு என்று அவருக்கு அளந்து பார்க்காமலே தெரிந்தது. நடையில் காற்று திரும்புகிற மூலையைத் தவிர்த்து, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மாடம். துணி காயப்போட இரண்டு வளையம், அது ஜெயில் வேலையில் கேட்டது. பிள்ளையைப் படுக்கப்போட ஈரம் ஏறாத ஒரு மூலை, அது மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மழைக்காலத்தில் கேட்டது, மகளுக்கு இன்றைக்குப் பல்விழுந்த பிள்ளை இருக்கிறது. கொல்லைக்கு வந்து அந்த வட்டமான வெறும் மண்ணைப் பார்த்தார். ஊருக்கு விளங்காத அந்த மண் அவருக்கு விளங்கிற்று. அடுத்த வேலை, அடுத்த வேலை என்று அவர் சொல்லித் தள்ளியதையெல்லாம் செங்கல்லும் ஜல்லியும் கேட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. அவர் மறந்ததை அவர் கை கட்டிய சுவர் மறக்கவில்லை. முப்பது வருஷம் கட்டடம் கட்டியவர், ஒரு கட்டடத்துக்கு முன்னால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கைகூப்பினார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பாவாத்தாளோ அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த வேலை இன்னும் அமையாததால் பக்கத்திலேயே கொட்டகை, எட்டிப் பார்த்தால் தெரியும், ஆனாலும் போகவில்லை. தெருப் பெண்கள் வந்து பாரேன் என்று இழுத்தபோது, "அடுத்தவிக எடத்துல இருக்கறது எனக்குப் பழக்கந்தான். ஆசையோட போயி மட்டும் நிக்கப்படாதுங்க" என்றாள். அவள் அதைச் சொன்னது கொட்டகைக்குள் இருந்த சென்னியப்பன் காதில் விழுந்தது.

இப்படி இருக்கையில்தான் ஆஸ்பத்திரி வந்தது. தட்டாங்காட்டுவலசுக்குச் சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டப்போவதாகத் தெரிந்தது. சென்னியப்பன் எல்லாவற்றையும் கட்டியிருந்தார், ஆஸ்பத்திரி மட்டும் கட்டியதில்லை. அதைக் கட்டிவிட்டால் போதும், கொத்துக்கரண்டியைக் கழுவி வைத்துவிடலாம் என்று வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஆனால் அந்த வேலையைக் குடியிருப்பு அல்லாத கட்டடம் கட்டுகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். ஒருத்தர் எந்த வகை என்பதை அந்த வருஷம் அவர் கட்டியதை வைத்து முடிவு செய்வார்கள். அந்த வருஷம் சென்னியப்பன் கட்டியது ஒரே ஒரு கட்டடம். அது குடோன் என்றால் ஆஸ்பத்திரி அவருக்கு. வீடு என்றால் அவர் வேறு வகைக்குப் போய்விடுவார், ஆஸ்பத்திரியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொழில் கணக்கெடுப்புக்கு வந்த அதிகாரி ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கம், பெயர் ஜெனோவா. கையில் டேப்லெட்டோடு ஜீப்பில் வந்து இறங்கியவர், வாசலில் கோலத்தைப் பார்த்ததும் தாண்டிக் காலை வைத்து, படியில் செருப்பைக் கழற்றினார். ஊரே பின்னால் வந்தது. உள்ளே ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு நடையில் வந்து நின்றார். அவரும் ஆச்சரியப்படவில்லை. அவருக்கு வேண்டியது எந்தக் கட்டத்தில் போடுவது என்பது மட்டுமே.

"மற்றவைன்னு ஒரு கட்டம் முந்தி இருந்துச்சு. அதுல எதையும் போட்டுரலாம். அதை எடுத்துட்டாவ" என்றார்.

"தூங்கற எடமெல்லாம் ஊடுதானுங்க மேடம்? இதுல படுத்தா தூக்கம் வருதுங்க, நான் பாத்துட்டேன்" என்றான் சடையன்.

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. ஆஸ்பத்திரியில கட்டில் கிடக்கு, லாட்ஜில கட்டில் கிடக்கு, ஜெயில்லயும் படுக்கத்தான் செய்றாவ. மூணும் குடியிருப்பு இல்ல. தூக்கத்தை வச்சு நாங்க பாக்கறது இல்ல."

"பின்ன எதைய வெச்சுங்க?"

"கட்டினவர் எதுக்குன்னு கட்டினாரோ, அதை வச்சு" என்று அவர் சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சொல்லணும் சார். நீங்க சொல்றதுதான்."

அதற்குள் வெளியூரிலிருந்து வந்த அம்மாவுக்கு ஒரு வாய் டீ கொடுக்க வேண்டாமா என்று யாரோ சொல்ல, தெருப் பெண்கள் பாவாத்தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டிருந்தார்கள். டீ என்றால் அவளால் மறுக்க முடியாது. ஸ்டவ்வும் குண்டாவுமாக அடுப்படிக்குள் போனவள் மேடைக்கு முன்னால் நின்றாள். ஸ்டவ்வை மேடைமேல் வைத்தாள். குனியாமல் பற்றவைத்தாள். எதிரே ஜன்னல் வழியாகக் கிழக்கு தெரிந்தது, அவள் கை மேடையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. நடையிலிருந்து சென்னியப்பனுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அவர் என்னவோ சொல்ல நினைத்தார். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் மனசைவிட வேகமானது. அதோடு கண்முன்னால் ஆஸ்பத்திரியின் மாடி மாடியாகத் தளம் தெரிந்தது.

"குடோனுங்க" என்றார்.

ஜெனோவா டேப்லெட்டில் விரலை வைத்தார். கட்டடம் அதைக் கேட்டது. நடைமாடத்தின் வாய் பிசைந்த மாவு கூடிக்கொள்வதுபோல் மெதுவாகக் கூடியது. வளையங்கள் சுவருக்குள் அமிழ்ந்தன. கிழக்கு ஜன்னல் நாலு பக்கமும் ஒடுங்கி, வெளிச்சம் அடுப்படியில் ஒரு தட்டு அளவானது, பிறகு ஒரு காசு அளவானது. மேடை பாவாத்தாளின் கைக்குக் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. சண்டை இல்லை, சாபம் இல்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனுசர் மாதிரி அந்தக் கட்டடம் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துவைத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஜெனோவாவும்தான்.

பாவாத்தாள் ஸ்டவ்வை அணைத்தாள். காயாத பாலைப் பாட்டிலில் ஊற்றி மூடினாள். சூட்டுக்குண்டாவைத் துணியில் சுற்றி, டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, டீத்தூள் டப்பாவை இடுக்கில் வைத்து மூட்டையாகக் கட்டினாள். எத்தனையோ கொட்டகைகளைக் கலைத்த கை, ஒரு அசைவு கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்து புருசனைப் பார்த்தாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை.

"வண்டி வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் அந்த மூட்டையைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவள் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறாள், இதே முகத்தோடு, இதே மூட்டையோடு. ஒரு தடவைகூட "இல்லை, வராது" என்று அவர் சொன்னதில்லை.

"மேடம்" என்றார். "நான் சொன்னத அழிச்சுப்போடுங்க."

"எதை சார்?"

"குடோன்னு சொன்னத. இது ஊடுங்க. நாந்தான் கட்டுனேன்."

"ஆஸ்பத்திரி வேலை உங்களுக்கு வராதே சார். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுமுங்க."

"யாருக்குக் கட்டினீங்கன்னு போடட்டும்?"

சென்னியப்பன் பெண்டாட்டி பெயரைச் சபையில் சொல்லிப் பழகாதவர். அவளைப் பார்த்தார், பிறகு இறங்கி நின்ற மேடையைப் பார்த்தார். "பாவாத்தாளுக்குங்க" என்றார். "கொஞ்சம் நாளாயிப்போச்சு. எப்பவோ கட்டியிருக்கோணும்."

ஒன்றும் ஆகவில்லை. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கட்டடம் இந்த மனுசனை நம்பலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது, அப்படி யோசித்தால் அதைக் குறைசொல்லவும் முடியாது. பிறகு காசு அளவு வெளிச்சம் தட்டு அளவானது. ஜன்னல் அகலத் திறந்து, பொழுது முழுசாக உள்ளே வந்து பாவாத்தாளின் மூட்டைமேல் விழுந்தது. மேடை ஏறிவந்து அவள் இடுப்புக்கு நேராக நின்றது. கொழந்தசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் குடோனுக்கு ரோட்டோரக் காட்டில் எப்போது அஸ்திவாரத்துக்குக் கடகால் தோண்டுகிறாய் என்று கேட்டார், ஏனென்றால் அவரும் ஒரு மனுசன்தான், மஞ்சளை மழையில் வைக்க முடியாது.

பாவாத்தாள் மூட்டையை அவிழ்த்தாள். டீ எல்லாருக்கும் வந்தது.

அன்றைக்கு அவர்கள் அங்கேயே படுத்து எழுந்தார்கள், பால் காய்ச்சினவர்கள் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் தாமதமாகச் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் ஒரு விரல்கூட வளரவில்லை. ஆஸ்பத்திரியைப் பின்னாளில் வேறொருவர் கட்டினார், நன்றாகவே கட்டினார். சென்னியப்பன் அந்தப் பக்கம் போகும்போது தளத்தை ஒரு தட்டு தட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வருவார். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

குடிவந்த அந்தப் புரட்டாசியிலேயே ஒரு சந்தை நாளன்று பாவாத்தாள் தென்னம்பிள்ளை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கொல்லையில், சிமெண்டு விலகிய அந்த மண்ணில் இறக்கி வைத்தாள். கடப்பாரையை எடுத்துக் கொஞ்சம் குத்தியவள், வாய்ப்பழக்கத்தில் நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள்.

"இங்க எத்தன மாசத்துக்குங்க?" என்றாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது, ஆனால் கேள்வி வெளியே வந்துவிட்டது, அதற்குப் பதிலுக்காக நின்றாள்.

எந்த வேலைக்கும் முடிகிற தேதியைக் கேட்ட மாத்திரத்தில் சொல்கிற சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஒரு கணக்கும் வரவில்லை. படியைவிட்டு இறங்கி வந்து, அவள் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

"தென்னைக்குக் குழி இது பத்தாது பாவா, இன்னும் ஆழமா எடுக்கோணும்" என்றார். சொல்லிவிட்டுத் தோண்டத் தொடங்கினார்.